பத்திரத்தில் ஒரு பெயர், கடனில் ஒரு கையெழுத்து: விவாகரத்துக்குப் பின் கூட்டு வீடு

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் கடையில் அரை நாள் உட்கார்ந்தால் இந்தக் கோரிக்கை ஒரு தடவையாவது காதில் விழும்: "டைவர்ஸ் ஆயிடுச்சு சார், பத்திரத்துல இருந்து என் பேரை மட்டும் எடுத்துடணும்." ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது மாதிரி ஒரு மனு, ஒரு கட்டணம், இரண்டு வாரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி ஒரு மனுவே கிடையாது.

பதிவான பத்திரத்தில் யாரும் ஒரு வரியை அடிக்க முடியாது. 2014இல் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கிய கிரயப் பத்திரம் இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் அதே இரண்டு பெயர்களோடுதான் பதிவேட்டில் இருக்கும். செய்ய முடிவது ஒன்றே ஒன்று. "இந்தச் சொத்தில் எனக்கிருந்த பங்கை இன்னாருக்கு விட்டுக்கொடுத்தேன்" என்று இன்னொரு பத்திரம் எழுதி, அதையும் பதிவு செய்ய வேண்டும். அதாவது நாம் பெயர் நீக்கம் என்று சொல்வதற்குச் சட்டத்தின் பாஷையில் சொத்து மாற்றம் என்று அர்த்தம். மாற்றம் என்றால் முத்திரைத்தீர்வை வரும், வருமான வரி எட்டிப் பார்க்கும், கடன் இருந்தால் வங்கி குறுக்கே நிற்கும். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சுலபமாக முடித்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சர்வே எண்ணோ அப்பா பெயரின் எழுத்தோ தப்பாக இருந்தால்தான் அது. உரிமையாளர் ஒருவரையே பிழை என்று சொல்லித் திருத்த முடியாது.

இதில் சட்டப் பிரிவுகளைவிட நாட்காட்டிதான் முக்கியம் என்பது என் கட்சி. எந்தக் கையெழுத்து எந்தத் தேதிக்கு முன்னால் விழுந்தது என்பதில் லட்சக்கணக்கான ரூபாய் இருக்கிறது. அதை விளக்கத்தான் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இந்தக் கட்டுரை.

தீர்ப்பு வந்தால் வீடு தானாகப் பிரியாதா?

பிரியாது. விவாகரத்துத் தீர்ப்பு திருமண உறவை முடிக்கிறது, கூட்டு உரிமையைத் தொடுவதில்லை. மேலைநாட்டுப் படங்களில் வருவதுபோல "சொத்தில் பாதி" என்ற விதி இந்தியாவில் கிடையாது. கோவா விதிவிலக்கு. போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்னும் நடப்பில் இருப்பதால், கல்யாணத்தோடு சொத்தும் பொதுவாகிவிடும். திருமணத்துக்குப் பின் கணவன் வாங்கிய வீட்டில் மனைவிக்குப் பங்கு தரும் ஒரு திருத்த மசோதா 2010இல் வந்தது, 2013இல் மாநிலங்களவை வரை தாண்டியது, அப்புறம் காலாவதியாகிவிட்டது. இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறதே என்றால், அது கல்யாணத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களுக்கானது. பத்து வருடம் கழித்து லோன் போட்டு வாங்கிய ஃபிளாட் அதில் அடங்காது.

ஆகவே யாருக்கு எவ்வளவு என்பதைப் பத்திரம்தான் சொல்லும். பத்திரத்தில் பங்கு குறிப்பிடாமல் இரண்டு பெயரும் இருந்தால், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. யார் போட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லையென்றால் சரிபாதி. "இ.எம்.ஐ. முழுக்க நான்தான் கட்டினேன், அவ பேர் சும்மா பேருக்கு" என்று வாதாடும் கணவர்களும், "முன்பணம் எங்கப்பா கொடுத்தது" என்று சொல்லும் மனைவிகளும் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தேடத் தொடங்குவது இந்த இடத்தில்தான். சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும்.

சம்மத விவாகரத்து மனுவில் "வீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு வரி எழுதி, அது தீர்ப்பிலும் ஏறிவிட்டால் போதுமா? பலருக்கும் இருக்கும் நம்பிக்கை இது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருவது உண்மை. ஆனால் அந்த விலக்குக்குள்ளேயே ஒரு விலக்கு ஒளிந்திருக்கிறது. சமரசத்தின் பேரில் வந்த தீர்ப்பு, வழக்கில் இல்லாத ஒரு அசையாச் சொத்தைப் பற்றிப் பேசினால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். விவாகரத்து மனுவில் வழக்கின் பொருள் திருமணம்தான், வேளச்சேரி ஃபிளாட் அல்ல. போதாக்குறைக்கு, மனுவில் "வேளச்சேரி வீடு" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். சர்வே எண், நான்கு எல்லை, பிரிபடாத மனைப்பங்கு (அடுக்ககம் நிற்கும் நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு) எத்தனை சதுர அடி, முந்தைய பத்திர எண் என்று சொத்து விவரம் முழுதாக இல்லாத தீர்ப்பை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு தேதி, இரண்டு கணக்கு

பங்கை விட மூன்று விதமான பத்திரங்கள் உண்டு. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டால் விடுதலைப் பத்திரம். பணம் வாங்காமல் கொடுத்தால் தானசெட்டில்மெண்ட். விலைக்கு விற்றால் கிரயம். விடுதலைப் பத்திரத்தில் பணம் வாங்கியதாகவும் எழுதலாம், வாங்காமலும் எழுதலாம் என்பது அதன் வசதி.

செலவு எங்கே வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்ட், விடுதலை இரண்டுக்கும் 1 சதவீதம் முத்திரைத்தீர்வைதான், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலை வரை இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன. குடும்பம் என்ற சொல்லுக்குள் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் எல்லாம் வருவார்கள். முன்னாள் கணவன், முன்னாள் மனைவி என்று யாரும் அந்தப் பட்டியலில் இல்லை.

வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) 80 லட்சம் உள்ள ஒரு ஃபிளாட், ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். விடப்போகும் பங்கின் மதிப்பு 40 லட்சம். தம்பதியாக இருக்கும்போதே விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத்தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக மொத்தம் 50,000 ரூபாய். விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அதே பத்திரத்தை எழுதினால் குடும்பமல்லாத கூட்டு உரிமையாளர்களுக்கான 7 சதவீதம் முன்னால் வந்து நிற்கும். முத்திரைத்தீர்வை மட்டும் 2,80,000. பதிவுக் கட்டணம் தனி. அதே ஆட்கள், அதே வீடு, அதே பாதி. நடுவில் ஒரே ஒரு நீதிமன்ற உத்தரவு.

ஆகவே பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்பதுதான் விஷயம் தெரிந்த வக்கீல்கள் தரும் முதல் ஆலோசனை. சரி, அப்படியென்றால் எல்லோரும் அப்படியே செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

சம்மத விவாகரத்துக்கு இரண்டு கட்டம். இருவரும் ஒரு வருடமாவது பிரிந்திருந்து கூட்டாக மனு போட வேண்டும். அப்புறம் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடியும் வந்து "ஆமாம், எங்களுக்கு இதில் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பு சொன்னது. ஆனால் தீர்ப்பு வரும் நிமிடம் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது 1991 முதல் நிலைத்துவிட்ட சட்டம். முதல் மனு போட்ட வாரமே வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு, ஏழாவது மாதம் எதிர்த்தரப்பு "எனக்கு விவாகரத்து வேண்டாம்" என்று சொன்னால்? வீடும் போனது, விவாகரத்தும் இல்லை. நீதிமன்றத்தில் கொடுத்த உறுதிமொழியை மீறினால் அவமதிப்பு நடவடிக்கை வரை போகலாம் என்றாலும், சம்மதத்தைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. ஒருதலையாகப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழியில்லை.

மறுபக்கத்து அச்சமும் நியாயமானதுதான். வீடு கைக்கு வருமுன் கையெழுத்துப் போட்டு விவாகரத்து கொடுத்துவிட்டால், அப்புறம் அவர் பத்திர அலுவலகத்துக்கு வருவார் என்று என்ன நிச்சயம்?

நடைமுறையில் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, இரண்டாவது கட்ட விசாரணைக்கு நாள் குறித்த பிறகு, அதற்கு முந்தைய ஓரிரு நாளில் பத்திரத்தைப் பதிவு செய்வது. பத்திர நகலை எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்றம். முதல் மனுவிலேயே சொத்து விவரத்தோடு "இரண்டாம் கட்ட விசாரணைக்கு முன் இன்ன பத்திரம் எழுதித் தரப்படும்" என்று நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் இரு தரப்புக்கும் பிடி இருக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முத்திரைத்தீர்வைக்குக் கணக்கு பத்திரத்தில் கையெழுத்திட்ட தேதி, பதிவுக்குக் கொடுத்த தேதி அல்ல. கையெழுத்திட்ட நாளிலிருந்து பதிவுக்கு நான்கு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு பழைய தேதியிட்ட பத்திரத்தோடு போனால் கவுன்டரில் கேள்வி எழும். பதிவு நாளில் எழுதிக்கொடுப்பவர் நேரில் வந்து ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கோபம் ஆறாத ஒருவரை நான்கு மாதத்துக்குள் அங்கே வரவழைக்க முடியும் என்ற தைரியம் எனக்கு இல்லை.

அன்பாலும் பிரியத்தாலும்

செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு நம் ஊரில் ஒரு அச்சு உண்டு. எழுத்தரின் கம்ப்யூட்டரில் அது எப்போதும் தயாராக இருக்கும்: "தாங்கள் என் மனைவியாவதாலும், தங்கள் பேரில் எனக்குள்ள அன்பாலும் பிரியத்தாலும், தங்களுடைய வருங்கால நன்மையைக் கருதியும்..." அடுத்த செவ்வாய்க்கிழமை விவாகரத்து. திங்கட்கிழமை காலை கணவன் இந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, கேமராவைப் பார்த்து, விரல் ரேகையும் வைக்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனைவி அதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

இது வெறும் வேடிக்கை என்றால் விட்டுவிடலாம். பத்திரத்தில் எழுதும் காரணத்துக்குப் பின்னால் விளைவு இருக்கிறது. மனைவிக்கோ கணவனுக்கோ சும்மா கொடுத்த சொத்திலிருந்து வரும் வாடகையைக் கொடுத்தவர் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரித்துறை கணக்கிடும். பிரிந்து வாழும் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாகக் கொடுத்தது என்றால் மட்டும் அந்தச் சேர்ப்புக் கிடையாது. விவாகரத்து ஆன பிறகு இந்தச் சேர்ப்பு தானாக நின்றுவிடும் என்றாலும், வழக்கு இழுத்தால் இடைப்பட்ட காலத்துக்கு, பிரிவு ஒப்பந்தத்தால் கொடுத்தது என்ற வாசகம் பத்திரத்தில் இருந்தால் பயன்படும். "அன்பால் கொடுத்தேன்" என்று பத்திரமே சொல்லும்போது, பிரிவு ஒப்பந்தத்தால் கொடுத்தேன் என்று பின்னால் எப்படி வாதாடுவது? அதைவிட முக்கியமாக, வீடு கொடுத்தது ஜீவனாம்சத்துக்கு ஈடாக என்று பத்திரத்தில் இல்லையென்றால், இரண்டு வருடம் கழித்து ஜீவனாம்சம் கேட்டு ஒரு மனு வரும்போது வீட்டைக் கணக்கில் காட்ட வழக்காட வேண்டியிருக்கும்.

வாங்கிக்கொள்ளும் பெண் பத்திரத்தில் பார்க்க வேண்டிய வாசகம் வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு பெண்ணுக்கு வந்த சொத்து அவளுடைய முழு உரிமைச் சொத்து. ஆனால் "ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு, பிற்காலம் மகனுக்குச் சேர வேண்டியது" என்று நைசாக ஒரு வாக்கியத்தை நுழைத்தால், அதே பிரிவின் அடுத்த உட்பிரிவைக் காட்டி அவள் உரிமை அவ்வளவுதான் என்று வாதாட வாசல் திறந்துவிடும். முழு உரிமை என்றால் விற்க, அடமானம் வைக்க, உயில் எழுத எல்லாம் சேர்த்து, "சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" என்று இருக்க வேண்டும். பழைய பாஷைதான். ஆனால் அந்த மூன்று வார்த்தைக்கு நீதிமன்றத்தில் எடை உண்டு.

விடுபவருக்கும் ஒரு வரி அவசியம்: "இனி மேற்படி சொத்தில் எனக்காவது என் வாரிசுகளுக்காவது எவ்வித உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது, இன்று முதல் சொத்தின் மீதான வரி, கடன், பராமரிப்புக் கட்டணம் யாவும் தங்களைச் சேர்ந்தது." இதில் "கடன்" என்ற சொல்லை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. ஏன் என்பது அடுத்தது.

வங்கிக்கு விவாகரத்து தெரியாது

"மேடம், மூணு இ.எம்.ஐ. பாக்கி."

"நான் அந்த வீட்லயே இல்லையே சார். டைவர்ஸ் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. பத்திரத்துல இருந்தும் பேரை எடுத்தாச்சு."

"லோன்ல நீங்க இருக்கீங்களே மேடம்."

வசூல் பிரிவிலிருந்து பேசுகிறவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்து கடன் வாங்கினால், முழுத் தொகைக்கும் இருவரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. கணவனும் மனைவியும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஏற்பாட்டில் வங்கி கையெழுத்திடவில்லை. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பிலும் வங்கி ஒரு தரப்பு இல்லை. ஆகவே "கடன் இனி அவருடையது" என்ற வாசகம் இருவருக்கிடையே செல்லும், வங்கியைக் கட்டாது. அவர் தவணை தவறினால் இவருடைய சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண்) விழும். இவர் புதிதாக ஒரு சின்ன வீட்டுக்கு லோன் கேட்டுப் போனால், பழைய கடனின் முழுத் தவணையையும் இவர் தலையில் ஏற்றிக் கணக்குப் பார்ப்பார்கள்.

பத்திரத்திலிருந்து வெளியே வந்து, கடனில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த விவகாரத்திலேயே மோசமான நிலை. வீடு கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டு. உரிமையை விடுவதற்கு முன்னால் கடனிலிருந்து வெளியே வர வேண்டும், குறைந்தது இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். வரிசை இதுதான்: முதலில் வங்கி, அப்புறம் பத்திரம், கடைசியில் தீர்ப்பு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

கடன் இருக்கும்போது வங்கியைத் தாண்டிப் பத்திரம் எழுதுவதும் நடக்காத காரியம். மூலப்பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும். வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். அதைக் கேட்டுப் போனால் வங்கி கேட்கும் கேள்வி எளிமையானது: இரண்டு சம்பளத்தை நம்பிக் கொடுத்த கடனை ஒரு சம்பளம் தாங்குமா? வீட்டை வைத்துக்கொள்பவரின் வருமானத்தைப் புதிதாக மதிப்பிடுவார்கள். போதவில்லையென்றால் அவருடைய அப்பாவோ தம்பியோ இணைக் கடனாளியாக வர வேண்டும், அல்லது ஒரு தொகையை முன்கூட்டியே கட்டிக் கடனைக் குறைக்க வேண்டும். வங்கி மசியவில்லையென்றால் வேறு வங்கியில் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கேட்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அடைத்த முப்பது நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023இல் வந்த உத்தரவும் இங்கே கைகொடுக்கும்.

ஒரு சம்பளத்தால் எந்த வகையிலும் முடியாது என்றால் வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. மனசு வராது என்பது தெரியும். "பசங்க வளர்ந்த வீடு" என்ற ஒரு காரணத்துக்காகச் சம்பளத்தில் முக்கால்வாசியைத் தவணையாகக் கட்டி, ஆறாவது மாதமே திணறி, கடைசியில் வங்கி ஏலத்துக்குப் போகும்போது கிடைக்கும் விலை யாருக்கும் உதவாது.

வரி, பிள்ளை, வெளிநாடு

வருமான வரியிலும் அதே தேதிதான் பேசுகிறது. கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ கொடுத்த அன்பளிப்புக்கு வாங்கியவரிடம் வரி இல்லை, வாழ்க்கைத்துணை "உறவினர்" பட்டியலில் இருப்பதால். தீர்ப்பு வந்த பிறகு அந்த உறவு கிடையாது. பணம் வாங்காமல் 40 லட்சம் மதிப்புள்ள பங்கை எழுதிக்கொடுத்தால், அது வாங்கியவரின் வருமானம் என்று வரித்துறை கேட்க இடம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டால் அது விற்பனைதான், விடுபவருக்கு மூலதன ஆதாய வரி வரும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தென்றால் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். இதற்கு ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், பிள்ளை பேர்ல எழுதிடலாம்" என்று பெரியவர்கள் பஞ்சாயத்தில் ஒரு தீர்வு சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். முத்திரைத்தீர்வைக்கும் நல்லதுதான். விவாகரத்துக்குப் பிறகும் பிள்ளை பிள்ளையேதான் என்பதால், தாயோ தகப்பனோ பிள்ளைக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு அந்தக் குறைந்த கட்டணம் எப்போது எழுதினாலும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு ஏழு வயது என்றால் அடுத்த பதினோரு வருடம் அந்த வீட்டை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அந்த வீட்டின் பேரில் கடன் வாங்கலாம் என்று நினைத்தாலும் முதலில் மனு போட வேண்டும். லோன் பாக்கியுள்ள வீட்டுக்கு இந்த யோசனையே வேலைக்கு ஆகாது.

ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பவர் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிட வேண்டும். இந்த ஒரு பத்திரத்துக்கு மட்டும் செல்லும் தனி அதிகாரமாக, தன் அக்காவுக்கோ அப்பாவுக்கோ கொடுப்பது நல்லது. பிரியப்போகும் துணைக்கே பொது அதிகாரம் எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்ல.

ஒத்துழைக்காவிட்டால்

எதிர்த்தரப்பு பங்கை வாங்கிக்கொள்ளவும் மாட்டேன், விற்கவும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் பாகப்பிரிவினை வழக்குதான். தம்பதிக்குள் சொத்துத் தகராறு என்பதால் குடும்ப நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைக் கத்தியால் வெட்ட முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க உத்தரவிடலாம். மற்றவர் விரும்பினால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளலாம். சரிபாதிப் பங்கு என்பது இந்தச் சட்டத்துக்குச் சரியாகப் போதுமான அளவு. வழக்கு வருடக்கணக்கில் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று போனதுமே பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கள் உண்டு.

எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால்? பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான், தகராறு வேண்டாம் என்று. அவள் வீட்டில் இருக்கிறாள், அவன் வேறு ஊரில் மறுமணம் செய்துகொண்டான், பத்திரம் பழையபடி இருவர் பெயரில். நம் சட்டத்தில் கூட்டு உரிமையாளர் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாக வராது, இறந்தவரின் வாரிசுகளுக்குப் போகும். உயில் எழுதாமல் அவன் இறந்துவிட்டால் விவாகரத்தான மனைவி வாரிசு அல்ல. அவன் பாதிக்கு அவனுடைய அம்மா, இரண்டாவது மனைவி, இரண்டு திருமணத்துப் பிள்ளைகள் அனைவரும் பங்காளிகள். வீட்டை விற்க வேண்டுமென்றால் முன்னாள் மாமியாரும் அவனுடைய இரண்டாவது மனைவியும் வந்து அதே கேமரா முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் கிரயம் நின்றுவிடும்.

பதிவு முடிந்த பிறகு

பத்திரம் கையில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து அதை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தனி வீடு என்றால் பட்டாவில் இன்னும் இரண்டு பெயர் இருக்கும். மாறுதல் ஆகிவிட்டதா என்று இணையத்தில் பார்த்து, இல்லையென்றால் விண்ணப்பிக்க வேண்டும். மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர், குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு, அடுக்ககச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு எல்லாம் தனித்தனி மனு. பதிவான ஒரு மாதத்துக்குள் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்தால், பழைய கிரயம், அடமானம், அதற்கடியில் புதிய விடுதலைப் பத்திரம் என்று வரிசையாகத் தெரியும். புதிய வரியில் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்கள் இடம் மாறியிருக்கிறதா, பங்கின் அளவு சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு இப்போதுதான் வேலை.

விட்டுக்கொடுத்தவர் தன் பங்குக்கு ஆறு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக் கடன் தன் பெயரில் "நடப்பு" என்றே காட்டினால், வங்கி கொடுத்த விடுவிப்புக் கடிதத்தின் நகலோடு சிபிலில் ஆட்சேபம் பதிவு செய்யலாம். அந்தக் கடிதத்தை வாங்கி வைத்திருந்தால்தான்.